ஆற்றைப் பார்த்து எழுதியவன்

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலவறையில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு சலவை இயந்திரம் இருக்கிறது. என் முறை சனிக்கிழமை காலை. துணி சுற்றி முடியும்வரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் அப்படி நின்றபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எனக்கு அடுத்த முறைக்காரர் ஃப்ராவ் மையர் என்ற அம்மாள், கூடையோடு வாசலில் நின்றவர், நல்ல செய்தியா என்று கேட்டார். எனக்கு வந்த ஜெர்மனில், "எங்கள் ஊரில் ஒரு கள்ளன் கிணற்றுக்குள் விழுந்துவிட்டான்" என்றேன். அம்மாளின் முகம் வாடிப்போயிற்று. அடுத்த சனிக்கிழமை பார்த்ததுமே, "அந்த மனிதரை மேலே எடுத்துவிட்டார்களா?" என்றார். கயிறு போட்டு எடுத்தாயிற்று என்றேன். "நல்லது. காவலர்கள் அவரை அடிக்கவில்லையே?" என்றார். அது விளையாட்டு, அப்படி ஒரு ஆளே கிடையாது என்று விளக்க அப்போது எனக்கு ஜெர்மன் போதாது. போதுமானாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

இணையத்தில் ஒரு மன்றம் வைத்து நாங்கள் மூன்று பேர் எழுதி விளையாடுகிறோம். கதையை நடத்துவது நான். 'சந்தை கலைந்துவிட்டது, கோயில் வாசலில் ஆள் நடமாட்டம் இல்லை' என்று எழுதி நான் நிறுத்தினால், மற்ற இருவரும் தங்கள் ஆள் அப்போது என்ன செய்கிறான் என்று எழுத வேண்டும். காரியம் பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். அதைக் கணினியே உருட்டித் தந்துவிடும். அவசரம் கிடையாது, வேலைக்குப் போய்விட்டு வந்து ஆற அமர எழுதலாம். காயல்பட்டினத்து மைதீன் ஷார்ஜாவில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலை பார்க்கிறான், ஆட்டத்தில் அவன் வைத்தியர். கள்ளன் மாடக்கண்ணுவாக எழுதுகிறவன், சேரன்மகாதேவியில் செல்போன் பழுது பார்த்துக்கொண்டிருந்த சுடலை. ஆற்றங்கரையில் நாங்களாகக் கட்டிய ஊர் அது, எந்த வரைபடத்திலும் இராது. ஆறு மட்டும் நிஜம்.

அதுதான் எங்கள் சட்டம். தாமிரபரணியில் அன்று எவ்வளவு தண்ணீர் போகிறதோ அவ்வளவுதான் ஆட்டத்திலும் போகும். யாராவது கண்ணால் பார்த்துவிட்டு எழுத வேண்டும், குத்துமதிப்பாக எழுதினால் செல்லாது. ஆற்றங்கரையில் இருந்தவன் சுடலை ஒருவன்தான். கடை திறக்கப் போகிற வழியில் பைக்கை நிறுத்தி, இறங்கிப் பார்த்துவிட்டு எழுதுவான்: "மண்டபத்துக் கீழ்ப்படி முங்கிட்டு. நல்ல கலங்கல். தண்ணியில வந்த அமலைச் செடி கரையில ஒதுங்கிக் கெடக்கு." பாபநாசத்தில் அணையைத் திறந்தால் எங்கள் கள்ளன் அன்று அக்கரைக்குத் தப்ப முடியாது. தண்ணீர் வற்றினால் மைதீனின் வைத்தியர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே கடந்துவிடுவார். நான் பிறந்த கல்லிடைக்குறிச்சியில் இன்று எனக்கு வீடு கிடையாது, போய் இறங்கினால் வா என்று சொல்ல ஆளும் கிடையாது. ஆனாலும் இங்கே பிரேமன் நகரத்துப் பனியில் ட்ராமுக்கு நிற்கும்போது ஆற்றில் எந்தப் படிவரை தண்ணீர் என்று எனக்குத் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

ஒருநாள் சுடலை போனில் கூப்பிட்டான்.

"அக்கா, அங்கன நர்ஸ் படிப்புக்கு ஆள் எடுக்காவளாமே, நெசமா?"

"நெசந்தான். ஆனா பாஷை படிக்கணும்லே. வயசானவங்கள குளிப்பாட்டி, சோறூட்டி விடணும். உனக்கு ஒத்து வருமா?"

"இங்கன இருந்து என்னத்தக்கா பண்ணச் சொல்லுதிய? கூடப் படிச்சவன் ஒருத்தனும் ஊர்ல இல்ல. பொண்ணு கேட்டுப் போனா, பையன் எந்த நாட்டுல இருக்கான்னுதான் மொதக் கேள்வியே கேக்காவ."

நியாயம்தானே? நான் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன். முதியோர் இல்லம் ஒன்றில் சொல்லி வைத்தேன், அதற்குள் எனக்கு ஓரளவு பிடிபட்டிருந்த ஜெர்மன் இலக்கணத்தைப் போனிலேயே தமிழில் சொல்லிக்கொடுத்தேன், தங்க ஓர் அறையும் பிடித்தேன். மைதீன் மட்டும் கேட்டான்: "அவனையும் அங்க இழுத்துக்கிட்டா ஆத்தை யாருக்கா பாப்பா?" கூடவே சிரிக்கும் பொம்மை ஒன்றையும் அனுப்பியிருந்தான். நானும் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

சுடலை வந்து இறங்கிய அன்று டப்பாத் தேங்காய்ப்பாலில் சொதி வைத்து, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் அரைத்திருந்தேன். வேர்க்க வேர்க்கச் சாப்பிட்டான். ஊரே என் வீட்டுக்கு வந்துவிட்டது போல மனம் துள்ளியது. அந்த வாரம் ஆட்டத்தில் அவன் முறை வந்தது. "மாடக்கண்ணு ஆற்றங்கரைக்கு வந்தான்" என்று எழுதியிருந்தான். அவ்வளவுதான்.

"தண்ணி எம்புட்டுலே?" என்று மைதீன் எழுதினான். பார்த்துச் சொல்ல இப்போது கரையில் யாரும் இல்லை.

நாங்களும் என்னென்னவோ செய்து பார்த்தோம். மைதீனின் மச்சான் ஒருத்தர் பாலத்தில் நின்று படம் எடுத்து அனுப்பினார். படம் முழுக்க அவர் முகம்தான், காதுக்குப் பின்னால் கொஞ்சம் ஆறு. செய்தித்தாளில் வரும் அணை நீர்மட்டத்தை வைத்து எழுதலாமே என்றேன். "அதுல படி முங்குச்சா இல்லையான்னு இருக்காக்கா?" என்று சுடலை கேட்டுவிட்டான். எனக்குக் கோபம் வந்தது.

"சும்மா எழுதுலே. நீ பொறந்து வளந்த ஆறுதானே, உனக்குத் தெரியாதா?"

"தெரியாதுக்கா" என்றான். "அங்கன இருக்கையில நான் ஆத்தத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் கேக்கியளேன்னுதான் எறங்குனேன். பொறவு பாக்காம கடைக்குப் போனா அந்த நாளே ஓடாது. இப்பம் எழுதச் சொன்னா பொய்யாத்தான் எழுதணும்."

அவன் நன்றாகத்தான் இருக்கிறான். இல்லத்துக் கிழவர்கள் அவனிடம்தான் சவரம் செய்துகொள்வேன் என்று அடம் பிடிக்கிறார்களாம். அவன் அம்மா எனக்குப் போன் செய்து, "நீ மவராசியா இருக்கணும்மா" என்கிறாள், அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள். இதில் எதை நான் தப்பு என்று சொல்வது? ஆனாலும் அந்த ஆற்றில் எனக்கு மிச்சமிருந்தது அவன் கண் இரண்டுதான். நன்மை செய்கிறேன் என்று அதையும் இங்கே கொண்டுவந்துவிட்டேன். இப்போது நாங்கள் மூன்று பேரும் வெளியே நிற்கிறோம்.

மைதீன் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "அவன் நல்லா இருக்கட்டும்க்கா. என் வைத்தியருதான் பாவம், கரையிலயே உக்காந்திருக்காரு" என்று மட்டும் எழுதினான்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் வேசர் ஆற்றங்கரை வழியாகப் போன சுடலையும் நானும் மத்தியானம் அதே வழியில் திரும்பி நடந்துகொண்டிருந்தோம். பிரேமன் வழியாக ஓடுகிற ஆறு அது. கடல் தூரத்தில் இருந்தாலும் ஓதம் இவ்வளவு தூரம் ஏறி வந்து, தண்ணீரைத் தினமும் இரண்டு தடவை உயர்த்தி இறக்கும். சுடலை பேச்சை நிறுத்திவிட்டுக் கரைப் படிகளில் இறங்கினான். கடைசிப் படியில் குந்தி, தண்ணீரை உற்றுப் பார்த்தான். பிறகு கைப்பேசியை எடுத்து எழுத ஆரம்பித்தான். அவன் இங்கே வந்த பிறகு இத்தனை வேகமாக எழுதி நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து மன்றத்தைத் திறந்தேன். "காலையில் மேல்படி வரை தண்ணீர் நின்றது. மத்தியானம் கீழ்ப்படியும் தெரிந்துவிட்டது. மாடக்கண்ணு பாசியில் பைய இறங்கினான்." ஒவ்வொரு சொல்லும் கண்ணால் பார்த்து எழுதியது. சட்டப்படி செல்லும்.

அதன் கீழே மைதீன் கேட்டிருந்தான்: "ஒரே நாள்ல ஏறி எறங்குதே, இது நம்ம ஆறுதானாக்கா?"

பதில் சொல்ல வேண்டியது கதை நடத்துகிற நான். செல்லாது என்று எழுதிவிட்டால் சுடலை இனி எழுத மாட்டான். 'கடல் ஊருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது' என்று எழுதினேன். மைதீனின் வைத்தியர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அந்தத் தண்ணீரில் காலை வைத்தார்.