பங்காளி வரிசை

எங்கள் அப்பா இந்தியாவைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே இந்தியராகிவிட்டார். பிறந்து வளர்ந்ததெல்லாம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில். அவருடைய அப்பா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மண்ணூரில் பிறந்தவர் என்பதால் எங்களுக்கு இந்தியக் குடியுரிமை கிடைத்தது. பெரியம்மா குடும்பத்தைப் போல அங்கேயே இருந்துவிட எழுதிக் கொடுத்திருக்கலாம். அம்மா அழுதும் பார்த்தாள். "நம்ம ஊரு இருக்கும்போது நமக்கு என்ன?" என்று அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டார். பார்த்தேயிராத மண்ணூர் ஏரியை, நேற்றுத்தான் அதில் குளித்தவரைப் போல வழியெல்லாம் எனக்கு வர்ணித்துக்கொண்டு வந்தார்.

ஊரில் எங்களை உறவென்று ஏற்றுக்கொண்டவர் சின்னத் தாத்தா ஒருவர்தான். அப்பாவுக்குச் சித்தப்பா. கண் மங்கிப்போனவர். அப்பாவின் முகத்தைத் தடவிப் பார்த்து, "எங்கண்ணன் மூக்குடா இது" என்று அழுதார். அவர் பிள்ளைகள் அழவில்லை. நாங்கள் ஊர்க்கோடியில் ஒரு குடிசை போட்டுக்கொண்டோம்.

மழைக்காலம் முடிவதற்குள் சின்னத் தாத்தா இறந்துபோனார். கருமாதியன்று ஏரிக்கரையில் பிள்ளைகளும் பங்காளிகளும் மொட்டையடித்துக்கொள்ள வரிசையாக உட்கார்ந்தார்கள். அப்பாவும் தலையை நனைத்துக்கொண்டு கடைசி ஆளாகப் போய் உட்கார்ந்தார். நாவிதர் அவரிடம் வந்தபோது, சின்னத் தாத்தாவின் மூத்த மகனான பெரியப்பா எழுந்து வந்தார்.

"யோவ் சிலோன்காரரே, நீ இன்னாத்துக்கு இங்க குந்திகினு கீற?"

"சித்தப்பாவுக்கு நானும் புள்ளதானேண்ணே."

"இன்னிக்கி மொட்ட போட்டுக்குவ. நாளைக்கி நெலத்துல பாகம் கேப்ப. எழுந்திரு."

"நெலம் வேணாண்ணே. இந்த வரிசையில ஓரமா ஒரு எடம் குடுங்க, போதும்."

நாவிதர் கத்தியை மடக்கிவிட்டார். ஈரத்தலை சொட்டச் சொட்ட அப்பா எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

குடிசையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். அம்மா சோறு போட்டு வைத்தாள். அப்பா தொடவில்லை.

எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. அப்பாவின் சுருட்டை முடி தப்பித்துவிட்டதே! மடியில் ஏறி அதை விரலால் கோதிக்கொண்டே, "நல்லவேளைப்பா, உங்கள விட்டுட்டாங்க" என்றேன்.

அப்பா முகத்தைப் பொத்திக்கொண்டு, நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில் அழத் தொடங்கினார். முடியை இழுத்துவிட்டேன் போலிருக்கிறது, வலிக்கிறது என்று நினைத்து, நான் இன்னும் மெதுவாகக் கோதினேன்.