மினுக்கிய கமரா

என் கணவர் கோபக்காரர் அல்ல. எங்கள் வீட்டில் அந்த வேலையை நான்தான் பார்த்தேன். அவர் பிடிவாதக்காரர். அவருடைய பிடிவாதம் முழுவதும் ஒரு கமராவுக்குள் குடியிருந்தது.

விசுவமடுவில் சந்தைக்குப் போகும் வழியில், வீட்டோடு ஒட்டி, எங்களுக்கு ஒரு ஸ்ரூடியோ இருந்தது. ஸ்ரூடியோ என்றால் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். தகரம் போட்ட ஒற்றை அறை, ஒரு நீலத் திரை, ஆளை இருத்த ஒரு கதிரை, தலை சீவ ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். கமரா மட்டும் ஜேர்மன்காரன் செய்தது. பெட்டி போல இருக்கும். முன்னுக்கு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ். அதைக் கண்ணில் வைத்துப் பார்ப்பதில்லை, வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மேல் மூடியைத் திறந்து, குனிந்துதான் பார்க்கவேண்டும். மூடிக்குள் மடித்துவைத்த சின்னப் பூதக்கண்ணாடி ஒன்று உண்டு. அதை நிமிர்த்தினால் எதிரில் இருப்பவரின் இமை மயிர்கூடத் தெரியும்.

அதற்குப் பற்றரி தேவையில்லை. வன்னிக்குள் பற்றரி வரத் தடையிருந்த வருடங்களில் மற்றவர்களின் கமராக்கள் அலுமாரிக்குள் படுத்துக்கிடக்க, இது மட்டும் கலியாணவீட்டுக்கும் செத்தவீட்டுக்கும் போய்வந்தது. எங்களுக்குச் சோறு போட்டது அதுதான். அந்த நன்றிக்காக ஒவ்வோர் ஆயுதபூசைக்கும் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். லென்சுகளுக்கு மேலே, கமராவின் நெற்றி என்று அவராக முடிவுசெய்த இடத்தில். வருடாவருடம் வைத்துவைத்து அந்த இடத்தில் ஒரு மஞ்சள் வட்டம் அழியாமல் நின்றுவிட்டது.

சமாதானம் என்று சொல்லி வன்னிக்குப் பாதை திறந்த பிறகு கிளிநொச்சியில் கலர்ப்படக் கடைகள் வந்தன. சனம் அங்கே போனது. எங்கள் கதிரையில் கோழி ஏறிப் படுத்தது. எனக்கு அதுகூடப் பெரிய கவலையாக இல்லை. எங்களுக்கு ஒரே மகள். இந்தச் சமாதானம் நிலைக்கும் என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை. பாதை மறுபடியும் பூட்டப்படுவதற்குள் வவுனியாவில் ஒரு அறை எடுத்து அவளைப் படிக்க விடவேண்டும், எது வந்தாலும் அவள் வன்னிக்கு வெளியே நிற்கவேண்டும். இதைத் தவிர வேறு எண்ணமே எனக்கு இருக்கவில்லை. வழிதான் இல்லை.

அப்போதுதான் கனடாவிலிருந்து அந்த மனிதர் வந்தார். பக்கத்துக் காணிக்காரரின் மைத்துனர். காணி பார்க்க வந்தவர் கமராவைக் கண்டதும் காணியை மறந்துவிட்டார். தான் பழைய கமராக்கள் சேர்ப்பவர் என்றும், அவற்றுக்கென்றே வீட்டில் ஒரு கண்ணாடி அலுமாரி வைத்திருப்பதாகவும் சொன்னார். பிறகு ஒரு விலை சொன்னார். மகளின் படிப்பு முடியும்வரை வவுனியாவில் வைத்துப் பார்க்கப் போதுமான விலை.

என் கணவர் விலை காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அது இன்றைக்கும் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கத் தொடங்கினார். அழுத்தும்போது எழும் சத்தத்தைக் காது வைத்துக் கேட்கச் சொன்னார். வந்தவர் சிரித்தபடி, "வேலை செய்யாட்டிலும் பரவாயில்லை அண்ணை" என்றார்.

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த ஒரு வசனத்தோடு எல்லாம் முறிந்தது. வேலை செய்யாத கமராவுக்கும் செய்கிற கமராவுக்கும் ஒரே விலை சொல்கிற ஆளிடம் எதைக் கதைப்பது என்று அன்று முழுக்க இவர் புறுபுறுத்துக்கொண்டு திரிந்தார். கோழி படுக்கிற கதிரைக்கு எதிரே இருத்திவைப்பதைவிடக் கண்ணாடி அலுமாரி மோசமில்லை என்று நான் சொன்னேன். இன்னும் பலதும் சொன்னேன். அவற்றை எழுதினால் என்னைப்பற்றி நீங்கள் நல்லதாக நினைக்கமாட்டீர்கள்.

ஒரு வருடம் கரைத்துக்கரைத்து மனதை மாற்றினேன். கடைசியில் மகளின் முகத்தைப் பார்த்துத்தான் சம்மதித்தார். கனடாக்காரர் மறுபடி வரப்போவதாகப் பக்கத்துக் காணிக்காரர் சொல்லியனுப்பினார்.

எங்கள் பக்கத்தில் ஒரு பொருளைப் பிறர் கையில் கொடுப்பதென்றால் அழுக்கோடு கொடுப்பதில்லை. இரவல் வாங்கிய குத்துவிளக்கைக்கூடப் புளியும் சாம்பலும் போட்டு மினுக்கித்தான் திருப்பிக் கொடுப்போம். நான் நெடுங்கேணியில் பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்தியவீட்டுக்குப் போய்வந்தபோது இவர் கமராவை மினுக்கி முடித்திருந்தார். இரும்புப் பாகங்கள் எல்லாம் புளி போட்டுப் பளபளவென்று இருந்தன. தோலுக்குச் சப்பாத்துப் பொலிஷ். தேய்ந்துபோயிருந்த எழுத்துகளுக்குப் பெயின்ற். நெற்றியிலிருந்த மஞ்சள் வட்டம் போன இடம் தெரியவில்லை. மகளும் கூட இருந்து தேய்த்தாளாம். கலியாணத்துக்கு வெளிக்கிட்ட பெண்போல அது மேசையில் இருந்தது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

கனடாக்காரர் கமராவைக் கையில் வாங்கினார். அவருடைய முகம் விழுந்ததை நான் பார்த்தேன்.

"ஏன் அண்ணை இதை மினுக்கினனீங்கள்?"

பிறகு பொறுமையாக விளங்கப்படுத்தினார். பழைய சாமானைச் சேர்ப்பவர்களுக்கு அதன் தேய்மானமும் கறையும்தான் விலையாம். போன முறை அவர் ஆசைப்பட்டதே அந்தச் சந்தன வட்டத்துக்காகத்தானாம். இப்போது அது வெறும் கமரா. அவர் புதிதாகச் சொன்ன விலையில் வவுனியாவுக்குப் போய்வரலாம், இருக்கமுடியாது. கிடைப்பதை வாங்குங்கள் என்று நான் கண்ணால் கெஞ்சினேன். இவர் கமராவைத் திருப்பி வாங்கி மேசையில் வைத்தார். "ஊத்தைக்குக் காசு குடுக்கிற ஆளுக்கு என்ர கமராவைக் குடுக்கமாட்டன்" என்றார். நான் சில மாதங்கள் அவரோடு சரியாகக் கதைக்கவில்லை.

மறுபடி சண்டை மூண்டு பாதையைப் பூட்டினார்கள். பற்றரி இல்லை, கலர்ப்படக் கடைகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. எங்கள் கதிரைக்கு மறுபடி ஆள் வந்தது. இவர் தகரப் பேணிக்குள் போட்டுவைத்திருந்த காலம் கடந்த பிலிம்களை எடுத்தார். வந்தவர்களில் முக்கால்வாசிப்பேர் வன்னியை விட்டு வெளியே போகப் பாஸ் கேட்டு விண்ணப்பிக்கப் படம் எடுக்க வந்தவர்கள். கிழவர்கள், நோயாளிகள். இளம் பிள்ளைகளுக்குப் பாஸ் கிடைக்காது. ஊரிலுள்ள மற்றவர்கள் வெளியேறுவதற்கு அந்தக் கமரா உதவியது. என் பிள்ளைக்கு உதவவில்லை. நாடியை நிமிர்த்துங்கோ, சிரிக்கவேண்டாம் என்று இவர் அவர்களுக்குச் சொல்வது குசினிக்குள் அடுப்படியில் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

பிலிம் முடிந்தது. பிறகு ஊரும் முடிந்தது. சாமான்களை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, பிறகு சைக்கிளில் ஏற்றி, பிறகு தலையில் சுமந்து, கிழக்கே கடலை நோக்கிப் போனோம். ஒவ்வொரு இடத்திலும் எதையாவது விட்டோம். தையல் மெசினை விட்டேன், அம்மிக் குழவியை விட்டேன். இவருடைய கழுத்தில் கமரா தொங்கியது. பிலிம் இல்லாத கமராவை யாருக்குக் காட்டக் காவுகிறீர்கள் என்று கத்தினேன். வாரை இறுக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

பதிலைப் பிறகு கண்டேன். மகளின் பாதத்தில் மண்ணிறச் சிறு பீஸ்கள் ஏறியிருந்தன. செல் வெடித்துச் சிதறிய இரும்புத்துண்டைச் சனம் அப்படித்தான் சொல்லும். ஆஸ்பத்திரியில் அதைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. இவர் கமராவின் மூடியைத் திறந்து, பூதக்கண்ணாடியை நிமிர்த்தி, பாதத்துக்கு மேலே பிடித்துக் குனிந்து, ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்தார். மகள் என் தோளைக் கடித்துக்கொண்டிருந்தாள். காயம் ஆறியது. அதைக் கேள்விப்பட்டு மற்ற பங்கர் குழிகளிலிருந்தும் ஆட்கள் காலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். படம் எடுத்த நாட்களில்கூட அவரை இவ்வளவு பேர் தேடி வந்ததில்லை.

அப்படி ஒரு பெண்ணின் காலைப் பார்த்துக் குனிந்திருந்தபோதுதான் செல் விழுந்து அவர் போனார். அந்தப் பெண்ணுக்கு ஒரு கீறலும் இல்லை. நெஞ்சோடு சேர்ந்து நனைந்திருந்த கமராவை மகள்தான் கழற்றி எடுத்தாள். அவரை மணலில் புதைத்தோம். இடத்தைக் காட்டச் சொன்னால் எனக்குத் தெரியாது. அவரிடம் கத்தியது மட்டும் ஞாபகத்தில் இருக்கிறது.

இராணுவத்தின் பக்கம் வந்து சேர்ந்தபோது ஒரு ஆமிக்காரன் கமராவின் பின்மூடியைத் திறந்து பார்த்தான். உள்ளே ஒன்றுமில்லை. திருப்பித் தந்துவிட்டான்.

மகளை வவுனியாவுக்கு அனுப்பவேண்டும் என்று நான் கும்பிடாத தெய்வமில்லை. வந்து சேர்ந்தாள். வவுனியாவில், முள்ளுக்கம்பிக்குள், ஒரு கூடாரத்தில். வெளியே எடுத்துவிட ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் கை நிறையக் காசு வேண்டும் என்று முகாமில் கதை. என் காதில் தோடுகூட இல்லை.

முகாமுக்குள் சாமான் கொண்டுவரும் ஒரு வியாபாரி கமராவைக் கண்டார். கொழும்பில் இப்படியானவற்றை வாங்குகிற ஒருவர் இருக்கிறார் என்று தன் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். அடுத்தமுறை வந்தபோது அவர் சொன்ன விலை கனடாக்காரரின் முதல் விலையையும் தாண்டியது. மகள் வெளியே போய்விடலாம். ஆனால் அவர் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்லவே கூசுது அக்கா. கழுவ வேண்டாமாம். அந்தக் கறை இருந்தாத்தான் அந்த விலையாம்."

தோலெல்லாம் கறுத்துக் காய்ந்துபோயிருந்த கறை. எழுத்துகளுக்குள்ளும் அது இறுகியிருந்தது. நான் ஓம் என்றேன். யோசிக்கவேயில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளைக்காக எதையும் விற்பேன், இன்றைக்கும் அப்படித்தான். நாளைக்கு வந்து எடுத்துப் போவதாகச் சொல்லிவிட்டு அவர் போனார். மகள் கூடாரத்துக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

காலையில் தண்ணீர் வரிசையில் நின்று திரும்பினேன். மகள் கூடார வாசலில் குந்தியிருந்தாள். முன்னால் அடுப்புச் சாம்பல். பக்கத்தில் எங்களுடைய குடிதண்ணீர்ப் போத்தல். மடியில் கமரா. சட்டைத் துண்டொன்றால் தேய்த்துக்கொண்டிருந்தாள். முக்கால்வாசிக் கறை போய்விட்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் கையை ஓங்கிவிட்டேன். அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"எழுத்துக்குள்ள இருக்கிறது வருகுதில்லை அம்மா. அப்பா புளி போட்டவர்."

ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்துக் கூடாரத்துக்குப் போனேன். அங்கே மலையகத்துப் பெண் ஒருத்தி பிள்ளைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் புளி இருக்குமா என்று கேட்டேன். பொட்டலத்தைப் பிரித்து, இருந்ததில் பாதியைக் கிள்ளித் தந்தாள்.

"என்னக்கா, மீன் கெடச்சிருச்சா?" என்றாள்.

ஓம் என்றேன்.