கழுதைகள் நிற்க ஒரு மேடு

என் கணவரைக் கொன்றது ஒரு கழுதை என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். மழை கொட்டிய ஒரு மாலை, மன்னார் பஸ் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர், எங்கள் வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கை முகப்பில் நடுவீதியில் நின்ற கழுதையோடு மோட்டார் சைக்கிளை மோதிவிட்டார். அதன் பிறகு கழுதையைக் கண்டாலே கல்லெடுப்பேன்.

அடுத்த மாரியில் அவருடைய தங்கையை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தபோது, அதே இடத்தில் ஒரு கழுதை குட்டியோடு நின்றது. இறங்கிக் கல்லை ஓங்கினேன். அது அசையவில்லை.

"கல்லைப் போடுங்கோ மச்சாள்," என்றாள் அவள். அழுதுகொண்டிருந்தாள். "சுத்திவரப் பாருங்கோ. றோட்டை விட்டா அதுகள் எங்க போய் நிக்கிறது?"

பார்த்தேன். இரண்டு பக்கமும் வெள்ளம். வெள்ளத்துக்கு அப்பால் வரிசையாக மதில்கள். முன்பு அங்கே வெறும் மணல்மேடுதான் கிடந்தது. மழையென்றால் ஊர்க் கழுதைகள் எல்லாம் அதில் ஏறி நிற்கும். அந்த மேட்டைத் துண்டு துண்டாக வாங்கி வீடு கட்டியவர்களில் நாங்களும் இருந்தோம். கழுதைகள் வராதபடி எங்கள் கேற்றுக்குக் கொளுக்கி போட்டவரும் அவர்தான்.

கல்லைக் கீழே போட்டேன். அவருக்காக மறுபடியும் அழுதேன். இந்த முறை திட்டுவதற்கு எனக்கு யாரும் இருக்கவில்லை.

இப்போது மழை தொடங்கினால் கேற்றை அகலத் திறந்து வைக்கிறேன். கழுதைகள் உள்ளே வந்து, அவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவந்த இடத்தில் ஒதுங்குகின்றன. அந்த இடம் எனக்கு வேறெதற்கும் தேவைப்படுவதில்லை.