வாங்கக் கூடாத வெற்றிலைத் தட்டு

போன ஞாயிற்றுக்கிழமை பாலக்காட்டில் ஒரு சினிமா பார்த்தேன். சினிமா என்று சொல்லக் கூடாதாம். வாசலில் நின்ற ஃபிலிம் சொசைட்டிக்காரர் உடனே திருத்தினார். ‘ஃபிலிம்’ என்று சொல்ல வேண்டுமாம். சரி... ஃபிலிம்!

பாட்டு இல்லை. சண்டை இல்லை. கலர் இல்லை. காற்றாடியும் இல்லை. கடைசியாகச் சொன்னது ஹாலின் குறை, டைரக்டரைக் குற்றம் சொல்லக் கூடாது.

படத்தின் பெயர் மூன்று புள்ளி. நிஜமாகத்தான்! போஸ்டரில் எழுத்தே கிடையாது, வெறும் மூன்று புள்ளிகள். வாரா வாரம் இந்தப் பத்தியில் நான் எத்தனை புள்ளி வைக்கிறேன்? யாராவது கூப்பிட்டு மாலை போட்டீர்களா?

கதை என்ன? ஒரு அண்ணன், ஒரு தங்கை. இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. படம் முடிகிற வரைக்கும் இல்லை. அண்ணன் கிணற்றைப் பார்க்கிறார். தங்கை அரிசி புடைக்கிறாள். முறத்தில் இருந்த அரிசி முழுவதும் புடைத்து முடிகிற வரை கேமரா அசையவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் கண்களை மூடி அனுபவித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

கடைசிக் காட்சி. தங்கை தன் மகள் கல்யாணத்துக்கு அழைக்க வெற்றிலை பாக்குத் தட்டோடு அண்ணன் வீட்டு வாசலில் நிற்கிறாள். அண்ணன் பார்க்கிறார். பார்த்துக்கொண்டே இருக்கிறார். பிறகு தட்டை வாங்கிக்கொள்கிறார். மூன்று புள்ளி. முடிந்தது.

அதன் பிறகு விவாதம். தாடி வைத்த ஒருவர் எழுந்து, “அண்ணன் தட்டை வாங்கியது நிலவுடைமை மனோபாவத்தின் வெற்றியா, வீழ்ச்சியா?” என்று கேட்டார். டைரக்டர் மோவாயைத் தடவிக்கொண்டு, “அதைப் பார்வையாளர்தான் தீர்மானிக்க வேண்டும்” என்றார். ஹாலே கை தட்டியது.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. துண்டை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடி வந்துவிட்டேன். ஏன் தெரியுமா? மற்றக் காட்சிகளில் எல்லாம் யார் யாரோ நடிகர்கள். அந்தக் கடைசிக் காட்சியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற தங்கை — என் மனைவி தெய்வானை. தூரத்தில் வாசலில் நிற்கிற அண்ணன் — அவளுடைய சொந்த அண்ணன், என் மச்சான் ஆறுச்சாமி. மனோபாவமாவது மண்ணாங்கட்டியாவது!

நடந்ததைச் சொல்கிறேன்.

மச்சானுக்குப் பக்கத்து ஊரில் தோட்டமும் வீடும். எங்களுக்கு வேலந்தாவளம் பக்கம். கூப்பிடு தூரம்தான். ஆனால் கூப்பிடுவதில்தான் வம்பே வந்தது.

நாலு வருடத்துக்கு முன் மச்சான் மகனுக்குக் காதுகுத்து. அலைச்சலில் இருந்த மனுஷன் வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரரைப் பார்த்தார். “தெய்வானைகிட்ட வெள்ளிக்கெழமை காதுகுத்துன்னு சொல்லிப்போடுங்க” என்று சொல்லிவிட்டார். அவரும் வந்து சொல்லிவிட்டார். அவ்வளவுதான்!

“ஏனுங்க, மாட்டுச் சந்தையில சொல்லி உடறாங்களாமா! நானென்ன சந்தைக்கு வந்த எருமைங்களா? அத்தைகாரிய ஊட்டுக்கு வந்து தட்டு வெச்சுக் கூப்பிடோணும்னு தெரியாதா அவருக்கு?” என்று கொதித்தாள் என் மனைவி. போகவில்லை.

அத்தை இல்லாமல் காதுகுத்து நடந்தது. இப்போது அவர் முறை. “கூடப் பொறந்தவளுக்குத் தட்டு என்னத்துக்கு? அவ ஊடு தானே? வேத்தாளாட்ட நெனைச்சுக்கிட்டா” என்று அவர் கொதித்தார். நியாயம் யார் பக்கம்? இரண்டு பக்கமும்தான். அதனால்தான் நாலு வருடம் ஓடியது. ஒரு பக்கம் மட்டும் நியாயம் இருந்தால் சண்டை அடுத்த அமாவாசைக்குள் முடிந்துவிடும்.

எனக்கும் மச்சானுக்கும் மட்டும் பேச்சு உண்டு. சந்தையில் பார்த்தால் மாடு, மழை, மோட்டார் எல்லாம் பேசுவோம். வீட்டுப் பேச்சை எடுக்க மாட்டோம்.

இந்த லட்சணத்தில் எங்கள் மகள் கலாமணிக்குக் கல்யாணம் நிச்சயமானது, தை மாதத்தில். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீர் வராமல் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தால், தாலி ஏறினாலும் ஊர் அதைப் பாதிக் கல்யாணம் என்றுதான் சொல்லும். சொந்தத்தில் ஒருவர், “ஒண்ணுவிட்ட மாமன் நா இருக்கறன்ல, நா நிக்கறேன்” என்று பெருந்தன்மையாக முன்வந்தார். கலாமணி ஒரே வார்த்தையில் அடித்துவிட்டாள்: “என்ற மாமன் வராட்டி நா மணையில உக்காரமாட்டேன்.”

மனைவியிடம் சொன்னேன். “ஒரு எட்டுப் போய்க் கூப்பிட்டுட்டு வந்துடலாமே.”

“மொதல்ல அவரு தப்பு பண்ணுனேன்னு சொல்லட்டுமுங்க.”

மச்சானிடம் ஜாடையாகச் சொன்னேன். “கூப்பிட்டா வராம எங்கீங்க போறேன்? கூப்பிடட்டும்” என்றார்.

இப்படி இழுபறியாக இருக்கும்போதுதான் அந்த டைரக்டர் வந்து சேர்ந்தார். பத்திரிகையில் எழுதுகிறவன் என்று என்னைத் தேடி வந்தார். பாலக்காட்டுக்காரர். ஜோல்னாப் பை, தடித்த கண்ணாடி. குடும்ப உறவுகளில் ஏற்படும் விரிசலைப் பற்றி வருடக்கணக்காக ஆராய்ச்சி செய்திருக்கிறாராம். படம் எடுக்க முற்றம் வைத்த ஓட்டு வீடு ஒன்று வேண்டும் என்றார். மச்சான் வீட்டைக் காட்டினேன். பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஷூட்டிங் தொடங்கியது. ஊரே திரண்டு போனது. என் மனைவியும் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

“உங்கண்ணன் வீட்டுக்கா?” என்றேன்.

“ஷூட்டிங் பாக்கப் போறேனுங்க. அவரூட்டுக்கா போறேன்?”

மச்சானோ பக்கத்தில் நின்றவரிடம், “ஷூட்டிங் பாக்க வாரவங்களை நா எப்பிடீங்க தடுக்கறது?” என்று சொல்லிவிட்டு, வேலியோரம் நிழலில் தாமே ஒரு பாயைக் கொண்டுவந்து விரித்துவிட்டுப் போனார். யாருக்கு விரித்தார் என்று அவரும் சொல்லவில்லை, உட்கார்ந்தவளும் கேட்கவில்லை.

கடைசிக் காட்சி வந்தது. டைரக்டர் எழுதிவைத்தது என்ன தெரியுமா? தங்கை தட்டை நீட்டுவாள். அண்ணன் வாங்க மாட்டார். திரும்பி உள்ளே போய்விடுவார். அதுதான் முடிவு. உறவு முறிந்தது!

தங்கையாக நடித்தவர் கோழிக்கோட்டுக் காலேஜ் லெக்சரர். பாவம், தட்டை நீட்டினார். பாயில் இருந்து ஒரு குரல் வந்தது.

“அதென்னுங்க, காப்பி குடுக்கறாப்பல ஒத்தக் கையில நீட்டறாங்க? வெத்தலைய அப்பிடிக் குப்புறக் கவுத்து வெப்பாங்களா? கெரகமே!”

என் மனைவிதான். கூட்டம் சிரித்தது. டைரக்டர் சிரிக்கவில்லை. அவருக்குப் புல்லரித்துவிட்டது. ‘அசல்’ கிடைத்துவிட்டதாம்! முதுகுப் பக்கம்தான் தெரியும், நீங்களே நில்லுங்கள் என்று என் மனைவியைக் கெஞ்சினார். அண்ணனாக நடித்தவருக்கு அன்றைக்குக் காய்ச்சல். சுற்றிப் பார்த்த டைரக்டரின் கண் மச்சான் மேல் விழுந்தது. “ஈ முகம்! இதிலே எத்ர காலத்து மௌனம்!” என்றார். மச்சானுக்கு அன்று பல்வலி.

அண்ணனையும் தங்கையையும் எதிரெதிரே நிறுத்தினார். அவர்கள் நிஜமாகவே அண்ணன் தங்கை என்று அவருக்குத் தெரியாது. உறவு விரிசலில் ஆராய்ச்சி செய்தவர்! நாலு வருடமாகப் பேச்சில்லை என்பது ஊரில் உள்ள ஆடு மாட்டுக்குக்கூடத் தெரியும். ஒருவராவது சொல்ல வேண்டுமே? ஊஹும். நானும் சொல்லவில்லை. கேமராவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

“ஆக்‌ஷன்!”

தெய்வானை இரண்டு கையாலும் தட்டை நீட்டினாள். ஆறுச்சாமி பார்த்தார். வாங்கிக்கொண்டார்.

“கட்! சேட்டா, வாங்கருது! வாங்காதே திரும்பி உள்ளே போகணும்!”

தலையாட்டினார். மறுபடியும் ஆக்‌ஷன். மறுபடியும் வாங்கினார். ஒவ்வொரு தடவையும் தட்டு உள்ளே போய் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிடும். அஸிஸ்டென்ட் ஓடிப் போய் எடுத்துக்கொண்டு வருவார். திரும்பத் திரும்ப இதே கதை. டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஃபிலிம் தீர்ந்துகொண்டே வருகிறது.

“எந்தா சேட்டா இது? எத்ர தடவ பறஞ்ஞு! இது அபிநயமல்லே?”

மச்சான் கையெடுத்துக் கும்பிட்டார்.

“நடிப்போ என்னமோ... தட்டு நெசந்தானுங்களே? என்ற ஊட்டு வாசல்ல வந்து ஒரு பொம்பள நெறஞ்ச தட்டை நீட்டறா. வாங்காம உள்ள போறதுக்கு நா என்ன மரக்கட்டைங்களா? வேற என்ன வேணும்னாலும் சொல்லுங்க, கெணத்துல குதிக்கோணுமா, குதிக்கறேன். இது மட்டும் நம்மால ஆகாதுங்க.”

என் மனைவி சட்டென்று முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு மாட்டுச்சாளைப் பக்கம் போய்விட்டாள். நானும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பொய் சொல்வானேன்?

ஃபிலிம் தீர்ந்தது. டைரக்டர் வேறு வழியில்லாமல் இருப்பதை வைத்து முடித்தார். அதைத்தான் அந்தத் தாடிக்காரர் மனோபாவம் என்கிறார்.

ஆனால் எங்கள் பிரச்சினை தீர்ந்ததா? அங்கேதான் புது வம்பு ஆரம்பம். நீட்டியது அழைப்பா, நடிப்பா? வாங்கியது சம்மதமா, நடிப்பா? மனைவியிடம் கேட்டேன். “டைரட்டரு நீட்டச் சொன்னாரு, நீட்டுனேனுங்க. நா எங்க கூப்பிட்டேன்?” என்றாள். கௌரவம் காப்பாற்றப்பட்டது. ஆனால் அதற்குப் பிறகு ராத்திரியில் அவள் புரண்டு புரண்டு படுத்தது எனக்கல்லவா தெரியும்? மறுபடி போய்க் கூப்பிடவும் மாட்டாள். அப்படிப் போனால் முதலில் நீட்டியது நடிப்பு என்று ஆகிவிடுமே!

கல்யாணத்தன்று காலை. மேளக்காரர்கள் வந்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் வந்தாயிற்று. கலாமணி சொன்னபடியே உள்ளறையை விட்டு அசையவில்லை. ஒண்ணுவிட்ட மாமன் புது வேட்டி கட்டிக்கொண்டு, எப்போது கூப்பிடுவார்கள் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி பந்தல் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தாள். அடுப்படியில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை.

திடீரென்று வாசலில் சலசலப்பு. ஆறுச்சாமி! பின்னால் அவர் வீட்டுப் பெண்கள் வரிசையாகச் சீர்த் தட்டுகளோடு. ஆனால் மனுஷன் பந்தலுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. வெளியிலேயே நின்றுகொண்டார். மேளக்காரர்களுக்குக்கூட என்ன செய்வதென்று தெரியவில்லை, நிறுத்திவிட்டார்கள்.

நாலு வருடம் கழித்து நேரடியாகத் தங்கையைப் பார்த்துக் கேட்டார்.

“அம்மிணி, அன்னைக்கு நீட்டுனது சினிமாவுக்கா... நெசத்துக்கா?”

தெய்வானைக்குக் கண்ணீர் கடகடவென்று இறங்கியது.

“உள்ள வாண்ணா. வெய்யல்ல நிக்காத.”

வந்தார். சீர் செய்தார். தாய்மாமன் கட்ட வேண்டிய பட்டத்தைக் கலாமணி நெற்றியில் கட்டும்போது அவருக்கு முடிச்சு சரியாக விழவில்லை. தங்கைதான் பின்னால் இருந்து கட்டிவிட்டாள். கல்யாணம் முழுக் கல்யாணமாக நடந்தது.

யார் மன்னிப்புக் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. நம் குடும்பங்களில் சண்டை தீர மன்னிப்பெல்லாம் தேவையே இல்லை சார்! ‘நானா செய்யவில்லை, இன்னொருத்தர் சொல்லித்தான் செய்தேன்’ என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு இருந்தால் போதும். அந்தச் சாக்கு கிடைக்காமல்தான் எத்தனையோ வீடுகளில் அண்ணனும் தங்கையும் சாவு வீட்டில் வந்து கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

இப்போது தினமும் மச்சான் வீட்டுப் பால் எங்கள் வீட்டுக்கு வருகிறது. எங்கள் வீட்டுப் பலகாரம் அங்கே போகிறது. எல்லாம் சுகம். ஆனால் போன சந்தையில் என்னைப் பார்த்ததும் மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மாட்டைப் பற்றிக்கூடப் பேசவில்லை! வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன்.

“கூப்பிடறதுன்னா புருசனும் பொஞ்சாதியும் சேந்து நின்னு கூப்பிடோணுமுங்க. நா தட்டை நீட்டறப்ப நீங்க கேமராவுக்குப் பின்னால நின்னுக்கிட்டீங்களாமா. மாப்ள கூப்பிடவேயில்லைன்னு அண்ணனுக்கு வருத்தம். அதுலயும் ஞாயம் இருக்குதுங்களே?”

அடுத்த கலைப்படம் எடுக்கிற உத்தேசம் யாருக்காவது இருந்தால் உடனே சொல்லுங்கள்... வீடு தயாராக இருக்கிறது, நடிகர்களும் தயார்!