பதினான்காம் எண் கோச்

கல்லூரிக் கால்பந்துப் போட்டிக்குச் சிறப்பு விருந்தினராக வந்தவரை முன்வரிசை சோபாவில் உட்காரச் சொன்னால், மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சைத் தேடிப் போய் உட்கார்ந்துகொண்டார். "பதினாறு வருஷம் உக்காந்த எடம்ப்பா. இதுலதான் இடுப்பு வலிக்காது" என்றார். அறிமுகமே அப்படித்தான். மீதிக் கதை அவர் வாயாலேயே வந்தது.

பதினாறு வருடத்தில் பதினோரு கிளப். பனியனின் நிறம் மாறியதே தவிர, முதுகிலிருந்த பதினான்கு மாறவில்லை. பெஞ்சில் இல்லாத நாளில் களத்தில் இருப்பார். ஆனால் அறுபதாவது நிமிடம் வந்தால் கோட்டருகே ஆள் மாற்றும் பலகை எழும்பும், வெளியேற வேண்டியவரின் எண்ணாக அதில் சிவப்பாக 14 எரியும். எந்தக் கோச் வந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அப்படியொரு ஒற்றுமை. கூட்டத்தைப் பார்த்துக் கைதட்டியபடி பாதியில் வெளியேறுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

முழங்கால் முரண்டு பிடித்ததும் கோச் ஆனார். வெளிநாட்டில் ஒரு சின்னக் கிளப்பின் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்த மச்சினன்தான் வேலை பிடித்துக் கொடுத்தான். அந்த ஊர் மொழி இவருக்குச் சுத்தமாக வராது. ஆகவே மச்சினனே மொழிபெயர்ப்பாளனும் ஆனான். இவர் பத்து நிமிடம் தொண்டை கிழியக் கத்துவார். அவன் நாலு வார்த்தையில் முடித்துவிடுவான்.

"என்னடா சொன்ன?"

"பந்த அவங்களுக்குக் குடுக்காதீங்கன்னேன். சுத்திச் சுத்தி நீங்க சொன்னதும் அதானே மச்சான்?"

சீசனின் கடைசி ஆட்டம். ஜெயிக்காவிட்டால் அணி கீழ்ப்பிரிவுக்குப் போகும், கோச் ஊருக்குப் போக வேண்டியதுதான். காலையிலேயே மனைவி சொல்லிவிட்டாள்: "என்னங்க, அட்டைப்பெட்டி எல்லாத்தையும் தூக்கிப் போட்டாச்சு. இப்பதான் பொண்ணு ஒரே பள்ளிக்கூடத்துல ரெண்டாவது வருஷம் படிக்கிறா. மறுபடி மூட்ட கட்டணும்னா நீங்க மட்டும் கட்டுங்க."

அறுபதாவது நிமிடம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. பதினான்காம் எண்காரனுக்கு மூச்சு வாங்கியது. அவனை வெளியே எடுக்கச் சொன்னது இவரேதான். பலகை எழும்பியது. சிவப்பாக 14.

அவ்வளவுதான், கால்கள் தாமாகக் கிளம்பிவிட்டன. கூட்டத்தைப் பார்த்துக் கைதட்டினார். உள்ளே போகிறவனின் முதுகில் தட்டினார். நேராக உடை மாற்றும் அறைக்குப் போய் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். ஒரு காலைக் கழற்றிய பிறகுதான், கையில் இருப்பது பூட்ஸ் இல்லை, கோட்-சூட்டுக்குப் பொருத்தமாக வாங்கிய தோல் ஷூ என்று உறைத்தது.

வெளியே ஆட்டக்காரர்கள் விழித்தார்கள். கோச் ஏன் போனார் என்று மச்சினனைக் கேட்டார்கள். அவனுக்கு மட்டும் என்ன தெரியும்? தெரியாது என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. "கோல் போடாம என் மூஞ்சில முழிக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு" என்று அவர்கள் மொழியில் எடுத்துவிட்டான்.

பதினோரு பேரும் பேய் பிடித்தாற்போல் ஓடினார்கள். ஒற்றை ஷூவோடு நொண்டிக்கொண்டு இவர் வாசலுக்கு வருவதற்குள் வலை குலுங்கிவிட்டது. அந்த ஒரு கோலே போதுமானதாக இருந்தது.

"ஆமா, பாதியில எங்க போனீங்க?" என்றாள் மனைவி.

"அது ஒரு தந்திரம்."

"தந்திரத்துக்கு எதுக்குங்க ஷூவக் கழட்டணும்?"

இப்போது அவர் அதே கிளப்பில் நான்காவது வருடமாகக் கோச்சாக இருக்கிறார். மகள் அதே பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள்.