ஓட்டிஸுக்குப் போட்ட நாற்காலி

லமான்ட் பெட்வே பிறந்தது அலபாமாவில், பிழைத்தது ஐரோப்பாவில். கல்லூரிக் காலத்தில் அவன் கூடைப்பந்தைக் கையில் எடுத்தாலே அரங்கம் முழுக்க எழுந்து நின்று கத்தும். அதை நம்பி, அமெரிக்காவின் பெரிய லீக் தன்னைக் கூப்பிடும் என்று காத்திருந்தான். யார் கூப்பிட்டார்கள்? ஒருத்தரும் இல்லை. கடைசியில் கூப்பிட்டது பின்லாந்தில் ஒரு மரம் அறுக்கும் ஊர். அப்புறம் சைப்ரஸ், ஹங்கேரி, போலந்து, ருமேனியா என்று பதினோரு வருஷம் ஓடிப்போயிற்று. முப்பத்து நாலாவது வயதில் லித்துவேனியாவில், ஏரிக்கரையோரம் ஒரு சின்ன ஊருக்கு வந்து சேர்ந்தான்.

அந்தப் பிழைப்பின் லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். காலை உடைத்துக்கொண்டாலோ, நாலு ஆட்டம் சொதப்பினாலோ, கிளப்காரர்கள் விமான டிக்கெட்டைக் கையில் திணித்து அனுப்பிவிடுவார்கள். அதே வீட்டில், அதே கட்டிலில் அடுத்த அமெரிக்கன் வந்து படுப்பான். தலையணையில் முன்னவன் தலை அழுந்திய பள்ளம்கூட நிமிர்ந்திருக்காது. காலியான இடத்தில் போய் உட்காருவதுதான் லமான்டின் உத்தியோகமே. அதில் கூச்சம் பார்த்தால் பட்டினிதான்.

இந்த ஊரில் ஒன்று மட்டும் அவனுக்குப் பிடிக்கவில்லை. மாடிப்படியில் எதிர்ப்படும் அண்டை வீட்டார் அவனை "ஓட்டிஸ்" என்று கூப்பிட்டார்கள். போன வருஷம் அதே வீட்டில் இருந்த அமெரிக்கனின் பெயர் அது. "நான் ஓட்டிஸ் இல்லைங்க, லமான்ட்" என்பான். அவர்கள் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்ப்பார்கள். பிறகு சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிடுவார்கள்.

அக்டோபரில் இன்னொரு தொந்தரவும் வந்தது. வேகமாக ஓடி நின்றால் நெஞ்சில் ஒரு துடிப்பு விட்டுப்போகும், கண் இருட்டும், பிறகு தானே சரியாகிவிடும். யாரிடமும் அவன் மூச்சுவிடவில்லை. சொன்னால் அன்றைக்கே டிக்கெட்தான். பந்தைத் தவிர வேறொன்றும் தெரியாதவன் இந்த வயதில் ஊருக்குப் போய் என்னத்தைச் செய்வான்? சீசன் முடியும் மே மாதம்வரை தாக்குப்பிடித்தால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், கிளப் வேன் ஓட்டும் வைதோதஸ் அவனைச் சாப்பிடக் கூப்பிட்டார். நாலு மணிக்கே இருட்டு கவிந்துவிட்டது. லமான்ட் போனபோது அவர் கொல்லையில் விறகு எடுத்துக்கொண்டிருந்தார். "உள்ள வாப்பா, ஷூவைக் கழட்டிட்டு உக்காரு, இதோ வந்துட்டேன்" என்று அவர் மனைவி யூராத்தே அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

அந்த ஊர் கிறிஸ்துமஸ் வழக்கப்படி மேசையில் வைக்கோல் பரப்பி வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். நாலு தட்டு. ஜன்னலோரத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மெழுகுவர்த்தி, ஒரு தேவதாருக் கொத்து. அந்த நாற்காலியின் கீழே ஒரு ஜோடி கம்பளிச் செருப்பு இருந்தது, அவ்வளவு பெரிய செருப்பு! இத்தனை வருஷத்தில் எந்த வீட்டுச் செருப்பும் அவன் காலுக்குப் பாதிக்கு மேல் போனதில்லை. அட, எனக்கென்றே வாங்கி வைத்திருக்கிறார்களே என்று அவனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து காலை நுழைத்தான். கச்சிதமாக இருந்தது. உள்ளே ஐந்து விரலுக்கும் ஐந்து குழி விழுந்திருக்க, அவன் விரல்கள் அதில் அப்படியே போய் உட்கார்ந்தன. புதுச் செருப்பில் குழி ஏது? அந்த மடையனுக்கு அது உறைக்கவில்லை. தட்டிலிருந்த கசகசா பிஸ்கட் ஒன்றையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

அவனைக் கண்டாலே குரைக்கும் அந்த வீட்டு நாய், அடுப்போரத்திலிருந்து எழுந்து வந்தது. செருப்பை முகர்ந்தது. மெல்ல முனகிக்கொண்டே அவன் காலடியில் படுத்தது.

உப்பு மீன் தட்டோடு வந்த யூராத்தே வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "எந்திரி. ஐயோ, அங்கேருந்து எந்திரிப்பா!"

அவன் பதறி எழுந்தான். உள்ளே வந்த வைதோதஸ் விறகை அப்படியே கீழே போட்டார்.

"அது இந்த வருஷம் செத்துப்போனவங்களுக்குப் போடற எடம்டா," என்றார். "இன்னிக்கு அவங்க வந்து நம்மளோட உக்காந்து சாப்பிடுவாங்க."

"யாரு செத்தா?"

"ஓட்டிஸ். ஆட்டம் சொதப்புதுன்னு மார்ச்சுல அவனை அனுப்பிட்டாங்க. ஏப்ரல்ல அவன் ஊர்ல போய்ச் செத்தான். இங்க இருந்தவரைக்கும் தினமும் இந்த மேசைலதான் சாப்பாடு. அந்தச் செருப்பு யூராத்தே அவனுக்குன்னு பின்னிக் குடுத்தது."

நெருப்பை மிதித்தவன் மாதிரி லமான்ட் செருப்பை உதறினான். எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தான். நாய் அவனோடு வரவில்லை. காலி நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, யாரோ தடவிக்கொடுப்பதுபோலக் கழுத்தை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டது.

விளக்கை அணைத்து மெழுகுவர்த்தியை ஏற்றினார்கள். மூன்று பேரின் நிழல்களும் சுவரில் விழுந்தன. லமான்டின் நிழல் கழுத்தோடு நின்றுவிட்டது.

"பாருடா," என்று வைதோதஸ் வலியச் சிரித்தார். "எங்க வீடு குள்ளம், நீ பனைமரம். தலை கூரைல கெடக்கு!"

யூராத்தே சிரிக்கவில்லை. "போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க."

"சும்மா இருடி."

"எதுக்குச் சும்மா இருக்கணும்? இன்னிக்கு சுவத்துல யாரு நிழலுக்குத் தலை இல்லையோ, அவங்க அடுத்த கிறிஸ்துமஸுக்கு இருக்க மாட்டாங்கம்பாங்க. ஓட்டிஸுக்கும் கூரைலதான் கெடந்துச்சு. நாமதான் விழுந்து விழுந்து சிரிச்சோம்."

லமான்ட் கையிலிருந்த மீன் துண்டைத் தட்டிலேயே திருப்பி வைத்தான். "அவன் எப்படிச் செத்தான்?"

வைதோதஸ் கரண்டியைக் கீழே வைத்தார். "நெஞ்சு. ஒருநாள் வேன்ல எங்கிட்ட மட்டும் சொன்னான். ஓடி நின்னா ஒரு துடிப்பு விட்டுப்போகுது, கண்ணு இருட்டுது, கோச்சுகிட்ட மூச்சு விட்றாதீங்க, மே வரைக்கும் தாக்குப்பிடிச்சாப் போதும்னான். நான் பாவி, வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

ஒரு வார்த்தை மாறாமல் அத்தனையும் லமான்ட் தன் மனசுக்குள் சொல்லிக்கொண்டவை. ஓட்டிஸின் கட்டிலில் படுத்து, ஓட்டிஸின் செருப்பில் காலை விட்டு, ஓட்டிஸின் பயத்தையும் அல்லவா அவன் சுமந்துகொண்டிருக்கிறான்! எதிரே காலி நாற்காலியின் முன்னால் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

"எனக்கும் அப்படித்தான் இருக்கு," என்றான். அவன் குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. "அக்டோபர்லேருந்து. கோச்சுகிட்ட மட்டும் மூச்சு விட்றாதீங்க."

வைதோதஸ் போனை எடுத்தார்.

"ஐயோ, வேணாங்க! கால்ல வேணும்னாலும் விழறேன்! எனக்கு வேற ஒண்ணுமே தெரியாதுங்க!"

"கோச், நான் வைதோதஸ். லமான்டுக்கு நெஞ்சு சரியில்ல. இனிமே அவன் ஆட மாட்டான். ஆமா, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

பதினோரு வருஷம் மூன்று வாக்கியத்தில் முடிந்துபோனது. லமான்ட் மேசையை ஓங்கிக் குத்தினான். தட்டுகள் குதித்தன. இரண்டு மீட்டர் உயர மனிதன் சின்னப்பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதான்.

"கொன்னுட்டீங்களே! என்னைக் கொன்னுட்டீங்களே!"

"உன் வேலையைத்தான்டா கொன்னேன்," என்றார் வைதோதஸ், வேன் சாவியைத் தேடிக்கொண்டே.