தேங்காய் உடைக்காத கோவில்

என் வீட்டுக்காரர் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் அவர் ஊர்ப் பேர்களைக் கூப்பிட்டால் கடைசிக் கடை வரைக்கும் கேட்கும். போன வருஷம் தொண்டையில் கட்டி வந்து ஆபரேஷன் செய்தார்கள். உயிருக்குப் பயமில்லை என்று ஆனது, ஆனால் குரல் போய்விட்டது. காற்று மாதிரி ஒரு சத்தம்தான் மிச்சம். பேசப் பேசத்தான் பழகும், பேசாமல் விட்டால் இதுவும் போகும் என்றார் டாக்டர். அவரோ என்னிடம்கூடக் கையைத்தான் காட்டினார். தெரிந்தவர்கள் விசாரிப்பார்களே என்று வாசலுக்கும் வருவதில்லை.

கோவிலுக்கும் வர மாட்டார். அர்ச்சனைத் தட்டை நீட்டினால் பேர், நட்சத்திரம் கேட்பார்கள். எனக்கும் நாலு பேர் முன்னால் வாய் வராது. எங்கள் வீட்டில் டிவி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது.

ஆழ்வார்குறிச்சிப் பக்கம் வயலுக்கு நடுவில் ஒரு பழைய புத்தர் கோவில் இருக்கிறது, ஆளே வராது என்று கேள்விப்பட்டு, ஒருநாள் அவரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன். வாய்க்கால் கரையில் நாலு கல்தூண், மேலே கல்கூரை. உள்ளே மூக்கு தேய்ந்த புத்தர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நான் பழக்கதோஷத்தில் தேங்காய், பழம், வெற்றிலையைத் தட்டில் வைத்து நீட்டிக்கொண்டே நின்றேன். வாங்க யாரும் வரவில்லை.

அங்கே பெருக்கிக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்தாள். "யாருக்குக்கா நீட்டுதிய? இங்கன பூசாரி கிடையாது." ரகசியம் போல மெல்லத்தான் சொன்னாள். தேங்காயை எடுத்து என் பைக்குள்ளேயே போட்டாள். "இத உடைக்கவும் மாட்டோம். சத்தம் ஆகாது. வீட்டுல சட்னி அரைங்க."

பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி கண்டக்டர்தான? ஒருநா என்னைய கல்லிடைக்குறிச்சியில எறக்காம வீரவநல்லூருக்குக் கொண்டு போயிட்டிய."

அவருக்குப் பதிலாக நான் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வார்த்தை தேடினேன்.

"நீ உறங்கிட்ட. எழுப்புனேன்," என்றார் அவர்.

"எங்க எழுப்புனிய? நீங்க எழுப்பியிருந்தா பஸ்ஸே எந்திரிச்சிருக்கும்." வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார். இரண்டு பேர் குரலும் ஒரே அளவில்தான் இருந்தது.

குரலுக்கு என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. கோவில் என்பதால் மெல்லப் பேசுகிறார் என்று நினைத்தாளோ, தெரிந்தேதான் கேட்காமல் விட்டாளோ. எப்படியானாலும் அவள் நல்லா இருக்க வேண்டும். அதன் பிறகு வெகுநேரம் அங்கே உட்கார்ந்திருந்தோம். மழை எப்போது வரும், வாய்க்காலில் எப்போது தண்ணீர் விடுவார்கள் என்று அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் புத்தரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டிக்கொள்ள ஒன்றும் தோன்றவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் நான் டிக்கெட் கேட்க வாயெடுப்பதற்குள், "அம்பாசமுத்திரம் ரெண்டு," என்றார். கண்டக்டருக்குக் கேட்கவில்லை. குனிந்து காதைக் கொடுத்தார். இவர் இன்னொரு தடவை சொன்னார்.

மறுநாள் காலையில் அந்தத் தேங்காயில் சட்னி அரைத்தேன். உப்புக் கூடிப்போச்சு என்று வாய்விட்டே சொன்னார்.